வத்தல் களமும் வால்வு சாவியும்

வேலாங்காட்டில் காலையில் கண் விழித்ததும் எல்லா வீட்டிலும் முதல் பேச்சு அங்கமுத்துவைப் பற்றித்தான். "அங்கமுத்து தண்ணி உட்டானா?" விட்டிருந்தால் அத்தோடு சரி, ஆளை மறந்துவிடுவார்கள். விடாவிட்டால் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார்கள். இருபத்திரண்டு வருசமாக அந்தத் திட்டை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு வேலை பார்த்த மனுசன்.

பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர் என்று பேர். மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊர் டேங்கில் ஏறும். ஏறியதை ஐந்து தெருவுக்கும் பங்கு பிரித்து விடவேண்டும். எல்லா வால்வையும் ஒன்றாகத் திறந்தால் பள்ளத்தெரு மொத்தத்தையும் இழுத்துக்கொள்ளும், மேட்டுத்தெருக் குழாயில் காற்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு வால்வாகத் திறந்து, முக்கால் மணி நேரம் விட்டு, மூடிவிட்டு அடுத்ததுக்கு நடக்கவேண்டும். திறக்கிற சாவி இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. ஊருக்கே அது ஒன்றுதான். இடது தோளில் அதைப் போட்டு நடந்து நடந்து அந்தத் தோள் இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது. மல்லசமுத்திரத்தில் சட்டை தைக்கிறவர் அளவெடுக்கும்போதெல்லாம், "நிமுந்து நில்லுங்ணா" என்பார். இவர் நிமிர்ந்துதான் நின்றுகொண்டிருப்பார்.

இந்த மனுசன் எப்படித் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று சொல்லவேண்டுமானால் கிராம சபை நோட்டிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

வருசத்துக்கு ஆறு கிராம சபை. ஊரே கூடி உட்கார்ந்து தனக்கு என்ன வேண்டும் என்று தானே முடிவு பண்ணுகிற இடம். ரொம்ப நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊர் வந்து உட்கார்ந்தால். வேலாங்காடு அளவு ஜனம் இருக்கிற பஞ்சாயத்தில் நூறு பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். வருவது யார்? எதுவானாலும் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பத்துப் பேர், டீயும் மிக்சரும் உண்டு என்று வருகிறவர்கள் பதினைந்து பேர். மீதி ஆளுக்கு எங்கே போவது? பஞ்சாயத்து கிளார்க் முருகானந்தம் ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே நோட்டை அங்கமுத்து கையில் கொடுத்துவிடுவார்.

"தண்ணி உடறப்ப அப்படியே கையெழுத்தும் வாங்கிருங்ணா."

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிற பெண்களுக்குக் கை சும்மாதானே இருக்கிறது. குடம் நிறைவதற்குள் ஒரு கையெழுத்து. அங்கமுத்து நீட்டினால் எதற்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பக்கத்தின் மேல்பாதி வெள்ளையாக இருக்கும், தீர்மானத்தை முருகானந்தம் பிறகு எழுதிக்கொள்வார். தெருவிளக்கு, சாக்கடை, கொசுமருந்து, எல்லாம் பார்த்த தீர்மானம்தானே. பத்து வருசமாக வேலாங்காட்டில் ஆள் குறைந்து கூட்டம் தள்ளிப்போனதே இல்லை. இதற்காக மேலே இருக்கிறவர்கள் முருகானந்தத்தை மெச்சினார்கள், முருகானந்தம் அங்கமுத்துவை மெச்சினார், அங்கமுத்து வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் பெருமையடித்துக்கொண்டார். பெருமையாம். எதுக்குத்தான் பெருமைப்படுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

"அப்பறம் என்னங்க, கெவர்மெண்டையே நீங்கதான் தோள்ல தூக்கிட்டுத் திரியறீங்க" என்று சென்னியம்மாள் கேலி பண்ணுவாள்.

சென்னியம்மாள் சாதாரணப்பட்டவள் இல்லை. முப்பத்திரண்டு பெண்கள் சேர்ந்த வேலாங்காடு மகளிர் வத்தல் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவி. அதற்கு முன்னால் பதினாறு வருசம் ஜவ்வரிசி பண்ணுகிற சேகோ பேக்டரியில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, உரித்தவள். கிழங்கு ஊறுகிற புளிப்புத் தண்ணீரில் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய், வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வேலையிலிருந்து இவர்களை வெளியே கொண்டுவந்தவர் அப்போது பஞ்சாயத்துத் தலைவராயிருந்த காளியண்ணன்.

காளியண்ணன் லாரி ஓட்டியவர். தலைவரான முதல் கிராம சபையில் எழுந்து நின்று ஒன்று கேட்டார். "நம்மூரு ஜவ்வரிசிய நானே வடக்க கொண்டுபோயி எறக்கியிருக்கறேன். அங்க வத்தலாகி, பாக்கெட்டாகி, நம்மூர் மளிகைக் கடைக்கே திரும்பி வருது. அத நம்ம பொம்பளைகளே போட்டா என்னங்க?" சொன்னதோடு விடவில்லை. ஊர்க்கோடியில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான சிமெண்ட் உலர்களம் இருந்தது. வருசத்துக்கு இரண்டு தடவை கடலைக்காய் காயும், மற்ற நாளெல்லாம் நாய் படுத்திருக்கும். அதைத் தீர்மானம் போட்டு மூன்று வருசத்துக்குச் சங்கத்திடம் கொடுத்தார். ஓரத்தில் தகர ஷெட் போட்டு, மேட்டுத்தெரு லைனிலிருந்து ஒரு குழாயும் இழுத்துக்கொடுத்தார்.

வத்தலுக்குக் களம்தான் எல்லாம். காலையில் கஞ்சி காய்ச்சி, உப்பும் பச்சைமிளகாயும் சீரகமும் போட்டு, வெள்ளை வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றவேண்டும். மண்தரையில் தூசி ஏறும், கோழி மிதிக்கும். ஓட்டு வீட்டு மேலே ஏறிக் காயவைக்க எத்தனை பேருக்கு முடியும்? சிமெண்ட் களம் வெயிலில் கொதிக்கிற கொதிப்பில் இரண்டே நாளில் வத்தல் கண்ணாடியாகக் காய்ந்து கலகலவென்று எழும்பும். சேலம் கடைகளில் வேலாங்காட்டு வத்தல் என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொன்றும் நடந்தது, அதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மேட்டுத்தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் ஒரே அண்டாவில் கஞ்சி கிண்டி, ஒரே வேட்டியில் ஊற்றி, மத்தியானம் ஒரே ஷெட் நிழலில் சோறு தின்றார்கள். முதல் மாசம் இரண்டு சட்டி கொண்டுவந்தார்கள். மூன்றாம் மாசம் எந்தச் சட்டி யாருடையது என்று தெரியாமல் போய்விட்டது.

மூன்று வருசம் இந்த மே மாசத்தோடு முடிந்தது. அதற்கு முன்னாலேயே, ஜனவரியில், காளியண்ணன் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. தேர்தல் தள்ளிப்போக, தலைவர் நாற்காலி காலி, தனி அலுவலர் கையில் பஞ்சாயத்து. அந்த ஆபீசரம்மாவுக்கு இதுபோல எத்தனையோ பஞ்சாயத்து. வேலாங்காட்டுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறார், இரண்டு தடவையும் ஜீப்பைவிட்டு இறங்கிய மாதிரி ஞாபகமில்லை. களத்தை இன்னும் ஐந்து வருசத்துக்கு நீட்டித் தரவேண்டும் என்று சங்கம் மனு எழுதி முருகானந்தத்திடம் கொடுத்தது. "வச்சுட்டுப் போங்க்கா, மே ஒண்ணாந் தேதி கூட்டத்துல எழுதிக்கலாம்" என்றார் முருகானந்தம்.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி நோட்டு அங்கமுத்து கைக்கு வந்தது. சொந்தப் பெண்டாட்டி காரியம் அல்லவா, அன்றைக்கு மனுசனுக்குக் கால் தரையில் இல்லை. "களத்துத் தீர்மானம் வருது, சுருக்காப் போடுங்க" என்று குழாய் குழாயாகச் சொல்லிக்கொண்டே போனார். நூற்றுப் பதினாறு கையெழுத்து. முதல் கையெழுத்து சென்னியம்மாள். அடுத்து சங்கத்துப் பெண்கள் வரிசையாக. மேல்பாதி வழக்கம்போல வெள்ளை. தீர்மானம் எழுதியாகிவிட்டது என்று நம்பிச் சங்கம் களத்தில் வேலையைத் தொடர்ந்தது.

ஆகஸ்டு முதல் வாரம் ஷெட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மே ஒன்றாம் தேதி கிராம சபைத் தீர்மானப்படி ஊராட்சிக்குச் சொந்தமான உலர்களம், ஊராட்சியின் வருமானத்தைப் பெருக்கும் பொருட்டு, ஆகஸ்டு பதினெட்டாம் தேதி பொது ஏலத்தில் விடப்படும். சென்னியம்மாள் இரண்டு தடவை படித்தாள். நேரே ஆபீசுக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வெள்ளையாயிருந்த இடத்தில் ஏலத் தீர்மானம். அதற்குக் கீழே முதல் கையெழுத்து அவளுடையது.

ஏலம் எடுக்கப்போவது யார் என்று ஊருக்கே தெரியும். திப்பி யாவாரி ஒருத்தர் ஒரு வருசமாக அந்தக் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குச்சிக்கிழங்கைப் பிழிந்து மாவு எடுத்தபிறகு மிஞ்சுகிற சக்கை திப்பி. மாட்டுத்தீவனத்துக்கும் கோழித்தீவனத்துக்கும் போகும். ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டிக் காயவைத்தால் அந்தப் புளித்த நாற்றம் சிமெண்டில் இறங்கிவிடும், ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் போகாது. ஒரே ஒரு தடவை திப்பி காய்ந்துவிட்டால் போதும், அந்தக் களத்தில் மனுசன் தின்கிற பண்டம் எதையும் அப்புறம் காயவைக்க முடியாது. ஏலத்தில் போனால் ஒரு வருசம் பொறுத்துக்கொண்டு அடுத்த வருசம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்கிற பேச்சே இல்லை. போனால் போனதுதான்.

அங்கமுத்து சாவியைத் தோளில் போட்டபடியே முருகானந்தம் முன்னால் போய் நின்றார்.

"என்னப்பா எழுதி வெச்சிருக்கற?"

முருகானந்தம் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "மேல இருந்து வருமானத்தக் காட்டு வருமானத்தக் காட்டுன்னு குடைச்சலுங்ணா. அக்கா மனு பைல்லதான் இருக்குது, நான் கிழிச்சுப் போடல" என்றவர், பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "நான் ஒண்ணு கேக்கறன். என்ன எழுதப்போறேன்னு நீங்க எப்பவாவது கேட்டிருக்கறீங்களா? நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க" என்றார்.

அங்கமுத்து சாவியோடு திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் சென்னியம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், ஊரெல்லாம் திட்டி மரத்துப்போன உடம்புதானே. அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தாள்.

"அவளுக என்னைய ஒரு வார்த்த கேக்கலீங்க" என்றாள். "முப்பத்தொரு பேரும் வாயத் தொறக்கல. நோட்ட நீட்டுனவன் பொண்டாட்டின்னு பாக்கறாளுக. காலனிப் புள்ளைக ரெண்டு பேரு இன்னைக்கி மத்தியானம் தனியாப் போயி உக்காந்து சோறு தின்னுதுக."

அங்கமுத்து சோற்றைப் பிசைந்தார். தட்டில் கை வைத்தபடியே அழுதார். ஐம்பத்தாறு வயசு ஆம்பளை, பெண்டாட்டி முன்னால், சோற்றுக் கையோடு அழுதார்.

திங்கட்கிழமை சங்கத்துப் பெண்கள் நாமக்கல் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஆபீசரம்மா போன் பண்ணினார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் பேச்சு நியாயமாக இருந்தது. கிராம சபை போட்ட தீர்மானத்தைக் கிராம சபைதான் மாற்றமுடியும். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி நானே நேரில் வருகிறேன். கையெழுத்தெல்லாம் பார்க்கமாட்டேன், தலையை எண்ணுவேன், போட்டோ எடுப்பேன். நூறு தலை இருந்தால் உங்கள் தீர்மானத்தை எழுதுகிறேன். இல்லாவிட்டால் பதினெட்டாம் தேதி ஏலம்.

நூறு தலை. இருக்கிற இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நூறு தலை.

அங்கமுத்து வீடு வீடாக ஏறி இறங்கினார். சாமி, கண்ணு, ஆத்தா, அம்மிணி என்று எந்த உறவு சொல்லிக் கூப்பிட்டால் இளகுவார்களோ அதைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எல்லோரும் சிரித்த முகமாக ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"அதுக்கு ஏனுங்ணா நேர்ல வாரது? வழக்கம்போல நோட்டக் கொண்டாங்க, போட்டுடறோம்."

"இந்தத் தடவ நேர்ல வரோணும் சாமி. தலைய எண்ணறாங்க."

"ஆடிக் கடைசி வெள்ளியுங்ணா அன்னைக்கி. கோயில்ல கூழு ஊத்தறோம், பொங்க வெக்கறோம். அத உட்டுட்டு மீட்டிங்குக்கா வருவாங்க?"

ஆமாம், அதுவும் சேர்ந்துகொண்டது. சுதந்திர தினமும் ஆடிக் கடைசி வெள்ளியும் ஒரே நாளில் வந்து தொலைந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளில் ஆபீஸ் வாசலில் யார் வந்து குந்துவார்கள்? ஆனால் வெள்ளிக்கிழமைமேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க அங்கமுத்துவின் மனசு விடவில்லை. வராமலிருக்க இந்த ஊரைப் பழக்கியது யார்? பத்து வருசமாகக் குழாயடியிலேயே வேலையை முடித்துக்கொடுத்து, கூட்டத்துக்கு வரவே வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தானே, நான்தானே என்று வால்வைத் திருகுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் அவருக்குள்ளே அதுவே ஓடியது.

கடைசியாகக் காளியண்ணனிடம் போனார். அவர் தோட்டத்தில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் இப்ப ஆரு சாமி?" என்றார். "தலைவரா இருந்தப்ப கூப்பிட்டா நாலு பேராவது வந்தாங்க. இப்ப நான் கூப்பிட்டா, எதுக்கோ அடி போடறான் பாருன்னு பேசுவாங்க. நான் வாரேன். ஒரு தலை."

வியாழக்கிழமை சாயங்காலம் அங்கமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சங்கத்தார் முப்பத்திரண்டு. வழக்கமாக வருகிறவர்களில் பாதி கோயிலுக்குப் போனால் மீதி ஒரு பன்னிரண்டு. காளியண்ணன். தான். இழுத்துப் பிடித்தாலும் நாற்பத்தாறைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் முறை. விடிந்தும் விடியாமலும் டேங்கடிக்குப் போனார். டேங்க் நிறைந்து மேல்குழாயில் வழிந்துகொண்டிருந்தது. ஆடிக் கடைசி வெள்ளி என்பதால் வாசல் தெளிக்க, வீடு கழுவ, தலைக்கு ஊற்ற, கூழ் காய்ச்ச என்று எல்லாத் தெருவும் குடத்தை வரிசையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தது. சாவியை முதல் வால்வில் இறக்கினார். திருகப் போனவர் கையை எடுத்துவிட்டார். நின்றார். சாவியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்குப் போய், மடியில் அதைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இது நல்ல காரியமா? இல்லை. குடிக்கிற தண்ணீரை நிறுத்துவதை எந்த ஊரிலும் நல்ல காரியம் என்று சொல்லமாட்டார்கள். அவருக்கே அது தெரியும். இருபத்திரண்டு வருசத்தில் காய்ச்சலோடு, தாயைக் குழியில் வைத்த மறுநாள், எந்த நாளும் முறை தவறாமல் விட்ட மனுசன்.

முதலில் வந்தது பள்ளத்தெருப் பாவாயி. ஊரில் அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

"என்ன அங்கமுத்து, நல்ல நாளும் அதுவுமாத் தண்ணி உடாம இங்க குந்தியிருக்கற?"

"இன்னைக்குக் கிராம சபை முடிஞ்சுதாங்க்கா தண்ணி."

"எதுக்கு?"

"ஊரு வரட்டும். பதினொரு மணிக்கு வந்து உக்காரட்டும். முடிஞ்சதும் உடறன்."

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுதமுடியாது. போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். ஊர் வாட்ஸ்அப்பில் அரை மணி நேரத்தில் பரவிவிட்டது. பத்தரை மணிக்குப் பள்ளத்தெரு வந்தது. பின்னாலேயே மேட்டுத்தெரு. தலைக்கு எண்ணெய் தேய்த்தபடி வந்தவர்கள், கூழுக்கு மாவு கரைத்த கையோடு வந்தவர்கள், எல்லோர் இடுப்பிலும் காலிக் குடம். அங்கமுத்துவைச் சுற்றி நின்று பேசிய பேச்சில் அவர் தலையே நிமிரவில்லை. ஒருத்தன் சாவியைப் பிடுங்கப் பார்த்தான். அவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பதினொண்ணு ஆகட்டும் சாமி, பதினொண்ணு ஆகட்டும்" என்பதைத் தவிர வாயில் வேறு பேச்சு வரவில்லை.

சென்னியம்மாள் சங்கத்தோடு வந்தபோது இருபது முப்பது பேரைத்தான் எதிர்பார்த்தாள். வாசல் நிறைய ஜனத்தையும் குடத்தையும் நடுவில் புருசனையும் பார்த்தாள். விசயம் புரிந்துவிட்டது. கிட்டே வந்து குனிந்தாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"தலை எண்ணச் சொல்லு" என்றார் அங்கமுத்து. "அப்பறம் பேசிக்கலாம்."

ஆபீசரம்மாவின் ஜீப் வந்தது. இந்தத் தடவை இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து அவருக்கே திகைப்பு. மைக்கைப் பிடிக்கும் முன்னாலேயே நாலு பக்கமும் தண்ணீர்ப் புகார். அங்கமுத்து எழுந்து கும்பிட்டார். "என்னையத் திட்டறது அப்பறம் இருக்கட்டுங்கம்மா. மொதல்ல எண்ணுங்க."

முருகானந்தம் எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. ஆபீசரம்மா போட்டோ எடுத்துக்கொண்டார். சென்னியம்மாள் மைக் இல்லாமலே பேசினாள். களம் எதற்கு, திப்பி காய்ந்தால் என்ன ஆகும், முப்பத்திரண்டு வீட்டில் அடுப்பு எதனால் எரிகிறது, அவ்வளவுதான். வெள்ளைப் பக்கத்தில் தானே முதல் கையெழுத்துப் போட்டதையும் மறைக்காமல் சொன்னாள். எதிர்த்துப் பேச ஒருத்தரும் இல்லை. பாவாயிதான் கத்தினாள், "களத்த அவளுகளுக்கே எழுதிக் குடுங்க. அதுக்கு எதுக்கு எங்க தண்ணிய நிறுத்தோணும்?"

ஏலத் தீர்மானம் ரத்து, களம் ஐந்து வருசத்துக்குச் சங்கத்துக்கு. முருகானந்தம் எழுதினார். "எழுதுனத சத்தமாப் படிச்சுக் காட்டோணும்" என்றாள் சென்னியம்மாள். படித்தார். அங்கமுத்து தண்ணீர் விடச் சாவியைத் தூக்கித் தோளில் போட்டார்.

அப்போதுதான் பாவாயி கேட்டாள். "சரி. கடைசி வெள்ளிக்கு ஊரைக் காய வெச்சவனுக்கு என்ன தீர்மானம்?"

அதைக் கேட்டதும் வாசல் முழுக்க ஒரே குரலாகிவிட்டது. இன்றைக்குக் களத்துக்கு நிறுத்தினான், நாளைக்கு வேறெதற்கு நிறுத்துவானோ. அவன் வீட்டுத் தண்ணியா? காளியண்ணன் எழுந்து, "இருவத்திரண்டு வருசம் உட்டவனப்பா" என்று ஆரம்பித்தார். யார் காதில் விழுகிறது? ஆபீசரம்மா அங்கமுத்துவைக் கூப்பிட்டு, வேண்டுமென்றேதான் நிறுத்தினீர்களா என்று கேட்டார். மோட்டார் ரிப்பேர் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

"வேணும்னுதானுங்க நிறுத்துனேன்."

"இதை நான் விட முடியாது" என்றார் ஆபீசரம்மா மெதுவாக. "இருநூறு பேர் முன்னால சொல்லிட்டீங்க." குடிநீரை நிறுத்திய ஆபரேட்டரைப் பணியிலிருந்து நீக்குவது. முருகானந்தம் அதையும் எழுதினார். எழுதும்போது தலையைத் தூக்கவே இல்லை. அதையும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

இனிக் கையெழுத்து. மனு கொடுத்த சங்கத்தின் தலைவி முதலில். சென்னியம்மாள் பேனாவை வாங்கிவிட்டு நோட்டைப் பார்த்தாள். மேலே களம். அதற்குக் கீழே புருசன் வேலை. இரண்டுக்கும் சேர்த்து அடியில் கையெழுத்து வரிசை.

"ரெண்டையும் வேற வேற பக்கத்துல எழுதுங்கம்மா" என்றாள்.

"ஒரு கூட்டத்துக்கு ஒரு வரிசைதாம்மா கையெழுத்து. எண்ணின தலைக்குக் கையெழுத்தும் இருந்தாத்தான் தீர்மானம் செல்லும்" என்றார் ஆபீசரம்மா.

வெயில் ஏறிவிட்டது. பின்னால் குடங்கள் நகர ஆரம்பித்தன. கோயில் மேளம் கேட்கவும் ஓரத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் இருநூறு நூறாகும், நூறு ஐம்பதாகும். முப்பத்தொரு பெண்களும் சென்னியம்மாள் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியும் போடு என்று சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை.

அவள் அங்கமுத்துவைப் பார்த்தாள்.

"போடு அம்மிணி" என்றார். "இந்தத் தடவ என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சுதான போடற."

போட்டாள். எழுத்து கோணிப்போயிற்று. பேனாவை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு ஷெட் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்ச் சுவரோரம் நின்றாள்.

அன்றைக்குத் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டுச் சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள். வேறு யாருக்கும் விடத் தெரியாதே. ஐந்து தெருவுக்கும் வழக்கம்போல முக்கால் முக்கால் மணி நேரம். கடைசி வால்வை மூடிவிட்டு, சாவியைத் துணியால் துடைத்து, ஆபீஸ் சுவரில் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். தோளில் ஒன்றும் இல்லாமலே அந்தத் தோள் இறங்கித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த முறை. புதிதாக வந்த பையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை போல. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அங்கமுத்துவுக்கு மேட்டுத்தெருக் குழாய் உஸ்ஸென்று காற்று விடுகிற சத்தம் கேட்டது. எல்லா வால்வையும் ஒன்றாகத் திறந்துவிட்டான். எழுந்தார், கதவு வரைக்கும் போனார், திரும்ப வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சென்னியம்மாள் களத்திலிருந்து வந்தாள். ஜவ்வரிசி ஊறி உப்பிக்கொண்டிருக்கிறது, கஞ்சி காய்ச்சத் தண்ணீர் இல்லை. காலிக் குடங்களை வாசலில் வைத்தாள். அவர் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தெருவுக்குப் போய்க் குழாயடி வரிசையில் கடைசி ஆளாக நின்றார். முன்னால் பாவாயி. திரும்பிப் பார்த்தவள், பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"இன்னைக்கு எத்தன மணி வரைக்கும் தண்ணி வரும், அங்கமுத்து?"

"தெரியலீங்க்கா" என்றார்.

இருபத்திரண்டு வருசத்தில் அந்தக் கேள்விக்கு அவர் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. முறை வந்ததும் பாவாயி தன் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவருடைய குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள்.